கண்ணாடி அலமாரியில் ஒரு தீயணைப்பான்

நெருப்பைக் கண்டுபிடித்தது மனித குலத்தின் முதல் சாதனை என்றால், நெருப்பை அணைக்கும் கருவியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியது இரண்டாவது சாதனை. அந்த இரண்டாவது சாதனை எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நிகழ்ந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது தொழிற்சாலைப் பாதுகாப்பு. ஒரு பெயிண்ட் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே நான் விசில் ஊதினால் மொத்த ஆலையும் மைதானத்துக்கு ஓடி வந்து நிற்கும். மேனேஜர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வருவார். வீட்டில் நான் வாயைத் திறந்தால் டி.வி. சத்தம் கூடும்.

எங்கள் சமையலறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டு. அதற்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் போர்டு. ஃபிரிட்ஜ், மிக்ஸி, கெட்டில், குக்கர், தம்பியின் சார்ஜர் எல்லாம் இந்தக் கூட்டுக் குடும்பத்தில் 'ஒற்றுமையாக' வாழ்ந்துவந்தன. வயர் பிய்ந்த இடத்தில் டேப். டேப் பிய்ந்த இடத்தில் அதன்மேல் டேப். சுவரை உடைத்துப் புது வயர் இழுக்கலாம். ஆனால் புதுசாக அடித்த பெயிண்ட் போய்விடும். வீட்டைக் காப்பதா, பெயிண்டைக் காப்பதா என்ற தர்மசங்கடத்தில் அப்பா பெயிண்டின் பக்கம் உறுதியாக நின்றார்.

"அப்பா, அது சூடாகுது. தொட்டுப் பாருங்க."

"காலமெல்லாம் லாரியவே டேப் சுத்தி ஓட்டினவன்டி நான். எங்கிட்டயே வயர் பாடம் நடத்துறியா?"

அப்பா ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். அந்த லாரி என்ன ஆனது என்று நான் கேட்டதில்லை. மரியாதைதான்.

ஆனால் அந்த போர்டுக்குப் பக்கத்தில் தினமும் நிற்பது அப்பா அல்ல. அம்மா.

"மிக்ஸி போட்டா சுர்ருங்குதுடி. பக்கத்துல போகவே பயமா இருக்கு."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. உன் காதுக்கு வேற வேலை இல்லியான்னார்."

அதனால்தான் என் சம்பளத்தில் ஒரு தீயணைப்பான் வாங்கி வந்தேன். சமையலறை வாசலில் மாட்டுவதாகத் திட்டம். அப்பா அதைக் கையில் வாங்கிக் குழந்தையைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, செவப்பா எவ்வளவு அம்சமா இருக்கு! இதப் போய் எண்ணெய்ப் பிசுக்குல தொங்க விடுவாங்களா?"

மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க விடவில்லை. கூடத்துக் கண்ணாடி அலமாரியில், கறுப்பு அங்கியோடு நான் பட்டம் வாங்கும் போட்டோவுக்குப் பக்கத்தில், அது அரியணை ஏறியது. அலமாரியைப் பூட்டி, சாவியை அப்பா 'பத்திரமான இடத்தில்' வைத்தார். இரண்டாவது சாவி அதைவிடப் பத்திரமாக அலமாரிக்கு உள்ளேயே, என் போட்டோ மூலையில் தொங்கியது.

சில வாரங்களில் வீட்டில் தீய்ந்த வாசனை வர ஆரம்பித்தது. பெரியப்பா வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை இதுகுறித்து உயர்மட்டக் கூட்டம் கூடியது. தலைமை: அப்பா. சிறப்பு அழைப்பாளர்: பெரியப்பா. தொழில்நுட்ப ஆலோசகர்: நாள் முழுக்க செல்போனில் வீடியோ பார்க்கும் தம்பி. பாதுகாப்பு அதிகாரிக்கு நாற்காலி கிடைக்கவில்லை, நின்றேன். அம்மா உறுப்பினரே இல்லை. கூட்டத்துக்கு டீ போட உள்ளே போனாள்.

"போர்டைக் கழட்டுங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம்," என்றேன்.

"வாசனைதானே பிரச்சினை? ரூம் ஸ்பிரே அடிச்சா முடிஞ்சுது," என்றான் தம்பி.

"பாத்தியா, புள்ளைக்கு என்ன மூளை!" என்றார் பெரியப்பா.

தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது. தம்பி ஸ்பிரேயோடு சமையலறைக்குள் போனான். அப்பா பெரியப்பாவை அலமாரிப் பக்கம் அழைத்துப் போனார்.

"இது பொண்ணு படிச்சது. அது பொண்ணு வாங்கினது."

"இனிமே உனக்கு என்னடா பயம்!"

உள்ளே அம்மா கெட்டில் சுவிட்சைத் தட்டவும், தம்பி போர்டின் மேலேயே மல்லிகை வாசனையை அடிக்கவும் சரியாக இருந்தது. பக்கென்று தீப்பிடித்தது. அம்மா அலறினாள். நான் ஓடிப்போய் மெயினை அணைத்து, அவளைக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். சமையலறை ஜன்னல் திரை எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பானை எடுக்கத் திரும்பினால், அலமாரி முன்னால் கூட்டம் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

"சாவி எங்கடா?"

"பத்திரமான எடத்துல வெச்சேண்ணே!"

"எந்த எடம்?"

"அது ஞாபகம் இருந்தா சொல்ல மாட்டேனா?"

இரண்டாவது சாவி கண்ணாடிக்குள்ளிருந்து எங்களை வேடிக்கை பார்த்தது. நான் ஸ்டூலைத் தூக்கினேன். அப்பா இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

"ஒடைக்காதடி! ஒரே பீஸ் கண்ணாடி, திரும்பக் கெடைக்காது!"

ஸ்டூலைப் போட்டுவிட்டு, ஒரு போர்வையை நனைத்து எடுத்துக்கொண்டு ஓடித் திரையைக் கிழித்துக் கீழே தள்ளி மிதித்து அணைத்தேன். தம்பி ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றித் தன் கடமையை முடித்துக்கொண்டான்.

அம்மாவின் வலது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை கட்டு. பெரியப்பா விசாரணை அறிக்கையை உடனே வெளியிட்டார்: "இவ்வளவு படிச்ச பொண்ணு வீட்ல இருந்துமா இப்படி ஆச்சு?"

அப்பா, அம்மாவை நலம் விசாரிக்க வருகிறவர்களை எல்லாம் அலமாரிக்கு அழைத்துப் போகிறார். "அவ்வளவு தீயிலயும் பாருங்க, இதுக்கு ஒரு கீறல் இல்ல!"

வருகிறவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று, மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடைத்த சாவியால் நேற்று அலமாரியைத் திறந்து, உள்ளே சின்ன விளக்கு ஒன்று பொருத்தினார். அதற்கு வயர் சமையலறையிலிருந்து வருகிறது. அதே பிளக் பாயிண்ட். நடுவில் டேப். வேலை முடிந்ததும் மறக்காமல் பூட்டிவிட்டார்.

"ஏண்டி," என்றாள் அம்மா, இடது கையால் சாப்பிட்டுக்கொண்டே, "ஷோகேஸ் பக்கம் சுர்ருங்குதே, உனக்குக் கேக்குதா?"

எனக்குக் கேட்கிறது. கேட்டதைச் சொன்னேன். டி.வி. சத்தம் கூடியது.

ஆகவே, அடுத்த முறை தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். உறை பிரிக்காத கருவியையும் யாரும் காது கொடுக்காத படிப்பையும் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டே வைத்திருக்கிறோம்.