இரண்டாவது கியர்

கம்பெனிக் குடியிருப்பில், பிளாக் பதினெட்டின் முனையில் இரண்டாவது கியர் மறுபடியும் விழவில்லை. ராஜாங்கம் லீவரை இழுத்தார், கெஞ்சினார், கடைசியில் அதன் பரம்பரையையே திட்டினார். கார் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நடுரோட்டில் நின்றது. பின்னால் முதல் ஷிப்டுக்குப் போகிற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பொற்கொடி, மடியில் கவிழ்ந்த காய்கறிப் பையை நிமிர்த்தினாள்.

"இந்தக் குலுக்குலதான் ஏழு மாசப் புள்ளத்தாச்சிய உக்கார வச்சி இட்டுகினு வரப்போறீங்களா?"

ராஜாங்கத்தின் பயமும் அதுதான். இன்னும் பத்து நாளில் நெல்லிக்குப்பத்தில் மகள் சத்யப்பிரியாவுக்கு வளைகாப்பு. முடிந்த கையோடு பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளை கலைச்செல்வன் முந்தின நாள்தான் போன் செய்திருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. அன்னைக்கு வாடகைக் கார் சொல்லிடட்டுங்களா?"

அவர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். சத்யப்பிரியா பிறந்தபோது தாயையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தவர் அவர். வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த முறை மகள் அப்பா ஓட்டுகிற காரில்தான் வருவாள். அதில் மாற்றமே இல்லை.

ராஜாங்கம் முப்பத்திரண்டு வருடமாக மைன்ஸில் மண் வெட்டும் ராட்சச இயந்திரத்தின் ஆபரேட்டர். அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் ஆபரேட்டர் லாக் புக்கில் 'லீவர் டைட்' என்று எழுதினால் போதும், மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து பாகத்தை மாற்றிவிடுவார்கள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. கேட்டால் ஆபரேட்டரின் தொழிலையே சந்தேகப்பட்டதாகிவிடும். அந்த மரியாதைப்படி தன் காருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு வைத்திருந்தார். அதில் எழுதினார்: 'கியர் டைட். இரண்டு, நான்கு விழவில்லை.'

மெயின்டனன்ஸில் இருக்கும் நண்பர் குஞ்சிதபாதம் நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"லீவர் உக்காந்திருக்கிற மவுண்ட்ல ரப்பர் புஷ், அந்த வளையம், தேஞ்சிருக்கும்ண்ணே. மாத்திட்டா போதும்."

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறியா?"

"நீங்களே எழுதிட்டீங்க. அப்புறம் நான் என்னாத்த ஓட்டிப் பாக்குறது?"

பண்ருட்டியில் புது புஷ் வாங்கி மாட்டினார்கள். கியர் முன்னைவிட மோசமாக இருந்தது. ராஜாங்கம் நோட்டில் எழுதினார்: 'மிகவும் டைட்.'

"ரப்பரே வேணாம்ண்ணே, அது அமுங்கும். பித்தளையில கடைஞ்சிடலாம்" என்றார் குஞ்சிதபாதம்.

பித்தளை வந்தது. இப்போது கியர் விழாததோடு, இன்ஜினின் நடுக்கம் முழுவதும் லீவர் வழியாக ஏறி அவருடைய பல்லை ஆட்டியது.

அந்த வாரம் வீட்டிலும் எல்லாம் சேர்ந்து சதி செய்தன. பாத்ரூமில் இடப்பக்கக் குழாய் இறுகிவிட்டது என்று கம்பெனிக்குப் புகார் எழுதி, புதுக் குழாய் போட வைத்தார். மறுநாள் புதுக் குழாயும் இறுகிவிட்டது. வலது கையால் பேப்பரைப் புரட்டிக்கொண்டே காபியை எடுத்தபோது டம்ளர் வழுக்கி விழுந்தது.

"இப்பல்லாம் ஒரு சாமானும் ஒழுங்கா செய்யறதில்ல" என்றார்.

"நேத்துகூட இதே டம்ளருதான் கீழ வுழுந்துது" என்று தரையைத் துடைத்தாள் பொற்கொடி.

"அப்ப டம்ளர மாத்து!"

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு குஞ்சிதபாதம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். மவுண்டுக்கு அடியில் இரும்புத் தகடு, மேலே புது ஸ்பிரிங். லீவரையும் அறுத்துக் குட்டையாக்கிவிட்டார்.

"தூரம் கொறைஞ்சா வேலை கொறையும்ண்ணே."

வேலை குறையவில்லை. லீவர் புதைத்து வைத்த கல்லைப் போல அசையாமல் நின்றது. அன்று இரவு ராஜாங்கம் சரியாகச் சாப்பிடவில்லை. வாடகைக் கார் கண்ணில் வந்து வந்து நின்றது.

வளைகாப்பு அன்று மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கரும்பு டிராக்டர் முன்னால் ஊர்ந்தது. இரண்டாவது கியருக்காக ராஜாங்கம் இரண்டு கையாலும் லீவரைப் பிடித்து இழுத்தார். ஸ்டீயரிங்கைப் பொற்கொடி பிடித்துக்கொண்டாள். அப்படியே குடும்பமாகக் காரை ஓட்டிக்கொண்டு நெல்லிக்குப்பம் போய்ச் சேர்ந்தார்கள். இறங்கும்போது அவர் சட்டையும் அவள் ரவிக்கையும் வியர்வையில் நனைந்திருந்தன.

கார் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கலைச்செல்வன் சாவியை வாங்கிப் போய், சர்க்கரை ஆலைப் பக்கம் ஒரு சுற்று சுற்றி, மர நிழலில் விட்டுவிட்டு வந்தான்.

"மாமா, கியர் என்னமா விழுது! என்னா பண்ணீங்க?"

ராஜாங்கத்தின் முகம் சுண்டிப்போனது.

"கேலி பண்ணாதீங்க மாப்ள. மவுண்ட்ல இன்னும் ஏதோ கோளாறு இருக்கு."

கலைச்செல்வன் மாமியாரைப் பார்த்தான். பொற்கொடி தரையைப் பார்த்தாள்.

உள்ளே சத்யப்பிரியா மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் சிரித்தாள். நாற்பது வருடமாக ஊர்ப் பெண்களின் கைக்கெல்லாம் வளையல் போடுகிற தனகோடியம்மாள் எதிரில் இருந்தாள்.

"பொண்ணோட அப்பாதான் தட்ட எடுத்துக் குடுங்களேன்."

வலது கையில் மகளுக்கு வாங்கிய பூ இருந்ததால், வளையல் தட்டை இடது கையால் எடுத்தார். தட்டு சாய்ந்தது. கண்ணாடி வளையல்கள் தரையில் சிதறி உடைந்தன. இந்த நாளில் வளையல் உடையலாமா? ராஜாங்கத்துக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"தட்டு வழவழன்னு இருக்கு" என்றார். "காலையிலேருந்து அந்தக் காரோட மல்லுக்கட்டி வேற..."

தனகோடியம்மாள் வளையலைப் பொறுக்கவில்லை. அவருடைய இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என் கைய இறுக்கிப் புடிங்க ஐயா."

"எதுக்கும்மா?"

"புடிங்க சொல்றேன். நல்லா பலமா."

ராஜாங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"மவுண்ட மட்டும் மாத்திட்டா சரியாயிடும்மா. திரும்பி வரும்போது எம்பொண்ணு என் கார்லதான்..."

தனகோடியம்மாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கார அப்புறம் பாக்கலாங்க ஐயா. கைய இறுக்கிப் புடிங்கன்னு சொன்னேனே, நீங்க இன்னும் புடிக்கவே இல்லியே."