நாலாவது ஆள்

"இன்னிக்கு முழுக்க எந்த பஸ்லயும் போகலாம். தனித்தனியா மூணு டிக்கெட் எடுத்தா இருநூத்தி நாற்பது. நாலு பேர் போற குழு டிக்கெட் இருநூறுதான். எடுத்தாச்சு," என்று ஒரு நீளத் தாளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு பேருந்து நிலையக் கவுன்டரிலிருந்து வந்தான் கணவன்.

"நாம மூணு பேர்தானே மாமா?" என்றாள் மனைவியின் தங்கை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாற்பது மிச்சம் பிடித்த சந்தோஷம் அவன் முகத்திலிருந்து அப்படியே வழிந்து போனது. காசு கொடுத்து வாங்கிய நாலாவது இடம் காலியாகப் போகிறதே!

அவன் மனைவிக்கு, அதாவது அக்காவுக்கு, கவலை கடலைப் பற்றித்தான். ஆயத்த ஆடை ஆலையில் ஏழு வருடமாகக் காலர் தைப்பவள் அவள். இந்த இரண்டு நாள் லீவுக்கு சூப்பர்வைசரிடம் பதினெட்டு நாள் கெஞ்சியிருக்கிறாள். முப்பத்திரண்டு வயதாகிறது, கடலைப் பார்த்ததில்லை. போய்க் காலை நனைக்க வேண்டும், அவ்வளவுதான். மலிவான விடுதி தேடியே முதல் நாள் முடிந்துவிட்டது. இன்று இரவு ஏழு மணிக்கு ரயில்.

"என்னங்க, கடலுக்கு நேர் பஸ் நிக்குது. ஏறிடலாம்."

"ரெண்டு நிமிஷம் இரு."

திரும்பி வந்தபோது அவனுடன் ஒரு பெரியவர் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் குடை.

"சாரும் நம்ம டிக்கெட்ல வர்றாரு. ஐம்பது கேட்டேன், நாற்பதுக்கு முடிச்சிட்டோம்."

"ஊர் சுத்த வந்த இடத்துல பேரம் பேசி மனுஷனையே வாங்கிட்டு வந்திருக்கீங்க மாமா," என்றாள் தங்கை.

பெரியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் டிக்கெட்டின் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தார். "நாலு பேரும் சேர்ந்தேதான் போகணும்னு போட்டிருக்கே தம்பி."

"அதுக்கென்ன, நீங்களும் கடலுக்கு வாங்க."

"வரேனே. வழியில ஒரு சின்ன வேலை. அஞ்சே நிமிஷம்."

அந்த அஞ்சு நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எதிர்த் திசையில் போகும் பஸ்ஸில் ஏறி, ஏதோ ஒரு சந்தில் இறங்கி, நண்பர் வீட்டில் போட்டு வைத்திருந்த ஸ்டாண்டு ஃபேனோடு திரும்பினார்கள். பெரியவருக்கு முட்டிவலியாம். ஃபேன் கணவன் தோளுக்கு வந்தது.

"இப்ப கடல்தானே?" என்றாள் அக்கா.

"இன்னும் ஒரே ஒரு இடம்மா."

"நாங்க நடந்தே போய்க்கிறோம் சார்."

"தாராளமா போங்க. என் நாற்பதைக் குடுத்துடுங்க."

கணவன் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தான். "கைக்கு வந்த காசைத் திருப்பிக் குடுக்கிறதா? பேசாம வா."

சீக்கிரம் முடியட்டும் என்று அடுத்த இடத்தில் அவளே உள்ளே போய் உதவினாள். உதவ ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் வேலை இரண்டானது. சுருட்டிக் கட்டிய மெத்தை தங்கையின் தலையில் ஏறியது. தையல் மெஷினின் தலைப்பாகம் அக்கா இடுப்பில் வந்து உட்கார்ந்தது. ஆலையில் லீவு கொடுத்தாலும் மெஷின் அவளுக்கு லீவு கொடுக்கவில்லை. பெரியவர் தன் பங்குக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டார். அதில் மணி ஐந்தே கால்.

"அக்கா, எனக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியல," என்றது மெத்தை.

ஒருவழியாகக் கடல் பக்கம் போகும் பஸ் கிடைத்தது. ஏறி உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னும் ஒரே ஒரு..."

அவ்வளவுதான். அக்கா மெஷினைக் கணவன் மடியில் தொப்பென்று வைத்தாள். ஏழு வருடம் சூப்பர்வைசரிடம் காட்டாத கோபமெல்லாம் சேர்ந்து வந்தது.

"போதும் சார். நான் கடலைப் பார்க்க வந்தேன், உங்க சாமானைப் பார்க்க வரல." பர்ஸைத் திறந்து நாற்பதை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இந்தாங்க உங்க காசு. இனிமே உங்க வழி வேற, எங்க வழி வேற."

"ஏய், நாற்பதுடி..." என்றான் கணவன்.

"நீங்க வாயைத் திறந்தா உங்களையும் சேர்த்து இறக்கி விட்டுடுவேன்."

பெரியவர் கோபப்படவில்லை. பணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "உங்க இஷ்டம்மா. அப்ப நான் இங்கயே இறங்கிக்கிறேன்," என்றார். மெத்தை, ஃபேன், மெஷின் எல்லாவற்றையும் மூவரும் இறக்கி வைத்தார்கள். ஒரு பச்சைக் கேட் முன்னால் கடிகாரத்தோடு நின்று கையசைத்தார்.

பஸ் நகர்ந்தது. அக்காவின் கோபம் இறங்கியது. அந்த இடத்தில் இரக்கம் ஏறிக்கொண்டது. கடல் வர இன்னும் மூன்றே நிறுத்தம், ஆனாலும் அவள் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயசானவரை டிக்கெட் இல்லாம நடுத்தெருவுல விட்டுட்டேனே," என்றாள் கண்டக்டரிடம். "கையில நாற்பது குடுத்தேன். அது போதுமா, வீட்டுக்குப் போயிடுவாரா?"

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுதாம்மா அவர் புது வீடு, அறுபது தாண்டினவங்களுக்கு இந்த ஊர்ல பஸ் இலவசம், ஆனா ஆளுக்கு ஒரு சாமான்தான் ஏத்தலாம்னு சட்டம், அதனால வீடு மாத்துறதுக்கு ஆள் கிடைக்காம ஒரு வாரமா அந்த ஸ்டாண்டுல காத்துட்டிருந்தாரு."