பித்தளைக் குமிழ் வைத்த கட்டில்

கட்டில் வாசலில் சிக்கிக்கொண்டது. பாதி உள்ளே, பாதி மழையில்.

"தூக்குங்கலே!" என்று கத்தினான் கங்காணி சுவக்கீன். எட்டுப் பேர் தூக்கினார்கள். நிலைச்சட்டம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

சின்னக்கானல் தோட்டத்துத் துரை சீமைக்குப் புறப்படுகிறார். அவர் பங்களாவிலிருந்து வந்த இரும்புக் கட்டில் அது. நாலு மூலையிலும் பித்தளைக் குமிழ். ஏன் வந்தது என்று சுவக்கீன் கேட்கவில்லை. கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வரும் அரிசி, கம்பளி எல்லாம் கங்காணி வாசலில்தான் இறங்கும். இறங்கியதில் நல்லது அங்கேயே தங்கிவிடும். இருபது வருஷப் பழக்கம்.

"காலைக் கழத்திட்டுச் சாய்ச்சு விடுங்க அண்ணாச்சி," என்றாள் பக்கத்து அறைச் சந்தனமேரி. புருஷன் மலைக்காய்ச்சலில் போன பிறகு பங்களா வேலைக்கும் போய்வருகிறவள். சொன்னதோடு நிற்காமல் தோளும் கொடுத்தாள்.

"மதினி, படுத்துப் பாருங்க. முதுகுக்கு எப்படி இருக்கு?" என்றாள், கட்டில் உள்ளே போனதும்.

சுவக்கீன் மனைவி சிசிலி படுத்தாள். குமிழில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டில் நுழைந்ததும் அறை காணாமல் போனது. அடுப்பை வெளியே வைத்தாள், மழையில் அணைந்தது. கட்டிலுக்கடியில் வைத்தாள், மெத்தை புகைந்தது.

"நடுச்சுவரை இடிச்சா தாராளமா இருக்கும்," என்றாள் மூன்றாம் நாள்.

"அந்தப் பக்கம் சந்தனமேரி இருக்காளே?"

"ஒத்தைக்கட்டைக்கு எதுக்கு ஒரு அறை?"

சுவக்கீன் யோசித்தான். பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பாவம் மன்னிக்கும் சாமியார் மலையேற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் மறந்தாலும் மறந்துவிடலாம். நேரே தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போனான்.

"சந்தனமேரிக்கு வாந்திபேதிங்க. என் கண்ணால பாத்தேன்."

வாந்திபேதி என்றதும் கம்பவுண்டர் கிட்டே போய்ப் பார்ப்பாரா? தூரத்திலிருந்தே சீட்டு எழுதினார். வேலையும் அறையும் ஒரே சீட்டில் போயின.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க அய்யா! அண்ணாச்சியைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்!" என்று கத்திக்கொண்டே மூட்டையோடு போடிப் பாதையில் இறங்கினாள் சந்தனமேரி. அண்ணாச்சி குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே சுவர் விழுந்தது. மறுநாள் காலையில் சுண்ணாம்பு வாளியோடு கம்பவுண்டர் வந்து நின்றார்.

"பேதி கண்ட அறையும் இதுவும் இப்ப ஒண்ணாப் போச்சு. சாமானை எல்லாம் கொளுத்துங்க. இவங்க ரெண்டு பேரையும் காட்டுக் கொட்டகைக்கு அனுப்புங்க."

"அய்யா, அவளுக்குப் பேதியே இல்லீங்க!" என்று அலறினாள் சிசிலி.

"உம் புருஷன் கண்ணால பாத்தானே?"

சுவக்கீன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கங்காணி வேலை போய்விடும். மெத்தை எரிந்தது, சேலை எரிந்தது. குமிழ் கறுத்துப்போனது.

கொட்டகையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. நாலாம் நாள் கயிற்றுக்கு அப்பால், மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார் பங்களா பட்லர் கபிரியேல்.

"கட்டிலையும் கொளுத்திட்டாங்களாமே? பாவம், அந்தப் பிள்ளை."

"எந்தப் பிள்ளை?" என்றாள் சிசிலி.

"சந்தனமேரிதான். துரைசாணி பிரசவத்துல ராப்பகலாப் பாத்துக்கிட்டான்னு கட்டிலை அவளுக்குத்தானே குடுத்தாங்க! அவதான், 'எனக்குத் தரை போதும், சிசிலி மதினிக்கு முதுகுவலி, அங்க இறக்கிடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க, கூச்சப்படுவாங்க'ன்னுட்டா."