ஒரு தொட்டியில் இரண்டு மீன்

"மீனை இறக்கியாச்சா?" என்று மேனேஜர் கேட்டதும், "இதோ இறங்கறேன் சார்" என்று சட்டையைக் கழற்றினார் மீனண்ணன். மேனேஜர் மீன் என்றது அவரை இல்லை. அன்று புதிதாக வந்திருந்த மஞ்சள் ரோபோவை.

தொழிற்சாலையின் குளிர்நீர்த் தொட்டியில் முங்கி, குழாயிலும் சுவரிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. மீன் என்பது அதில் சம்பாதித்த பட்டப்பெயர். வந்த அன்றே அதைப் பிடுங்கிக்கொண்டது அந்தப் பெட்டி. அது தண்ணீருக்குள்ளிருந்து காட்டிய படத்தைப் பார்க்க ஆபீசே திரண்டது. கரையேறியதும் துவாலையால் பூப்போல ஒற்றி நிழலில் வைத்தார்கள். இத்தனை வருடமும் மீனண்ணன் பழைய பனியனில்தான் தலை துவட்டிக்கொண்டார். வயிறு எரிந்தது.

வீட்டில் புலம்பினார். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது குறட்டை விடுமா என்றாள். விடாது என்றார்.

"அப்ப அதை வெச்சிருக்கவங்க குடுத்து வெச்சவங்க."

மறுநாள் காலை, ரோபோவைக் கொண்டுவந்த அதே வேன் கேட்டில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது, உள்ளே காலி. இரண்டாவது ரோபோவையும் இறக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டினார் மீனண்ணன். இனிப் பொறுப்பதற்கில்லை.

எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவினார். நிஜமாகவே. யாரும் வருமுன் தொட்டியில் இறங்கி அடிச்சேற்றைக் கலக்கிவிட்டார். ரோபோ இறங்கியதும் திரையில் ஒரே கலங்கல். அதை ஓட்டும் பெண் அலட்டிக்கொள்ளாமல் வேறொரு பொத்தானை அமுக்கினாள். கண் தெரியாவிட்டால் அது சத்தம் அனுப்பி எதிரொலியை வைத்துப் பார்க்குமாம். யாருக்கும் தெரியாத ஒரு விரிசல் திரையில் வந்து நின்றது.

"இந்தச் சேத்துல நம்ம மீனண்ணனுக்கே ஒண்ணும் தெரியாதே" என்று வியந்தார் மேனேஜர்.

மீனண்ணனால் அங்கே நிற்க முடியவில்லை. மறுபக்கப் படி வழியாகச் சத்தமில்லாமல் முங்கி, ரோபோவின் கேபிளைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டார். அது இழுத்துப் பார்த்தது, திணறியது, நின்றுவிட்டது. அவர் மேலே வந்து தலை துவட்டுமுன் ஆள் ஓடி வந்தது. மீனண்ணன்தான் இறங்கி எடுக்க வேண்டுமாம். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் அது அவர் கைமுடிச்சு, லேசில் அவிழுமா? மல்லுக்கட்டி அவிழ்த்தபோது கேபிள் அவர் காலைச் சுற்றிக்கொண்டது. மேலே எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். முதலில் மீனண்ணனின் கால் வந்தது. பிறகு அவர் வந்தார். அடியில் முட்டித் தள்ளியபடி ரோபோ வந்தது.

கூட்டம் கைதட்டியது. துவாலை முதலில் ரோபோவுக்குப் போயிற்று. மேனேஜர் அதைத் தட்டிக்கொடுத்தார்.

"மனுஷன் உயிரையே காப்பாத்தியிருக்கு. இது இனிமே இங்கேயே இருக்கட்டும்."

படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த மீனண்ணனிடம் வாட்ச்மேன் வந்து குனிந்தார்.

"நமக்கு மீனண்ணனே போதும், பெட்டி வேண்டாம்னு சார் நேத்தே சொல்லிட்டாரு. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இறக்கிக் காட்டறேன்னு அந்தப் பொண்ணு கெஞ்சினதால, அதைத் திருப்பி ஏத்திட்டுப் போக வந்த வேன் காலையிலேருந்து சும்மா நிக்குது. போகச் சொல்லிடட்டுமா அண்ணே?"