மாருவின் ஜாடியில் பத்து யென்

சென்டாய்,
இலையுதிர் காலம்

அன்புள்ள மச்சான் தோமோயுகிக்கு,

இங்கே மரங்கள் சிவந்துவிட்டன; உங்கள் ஆக்கான் ஏரிக்கரையில் இந்நேரம் இலையே மிச்சமிருக்காது. உன் கடையில் வியாபாரம் கூடவும் உன் இடுப்பு வலி குறையவும் விரும்புகிறேன், இரண்டும் இடம் மாறிவிடாமல். உன் அக்கா செட்சுகோ, எங்கள் மகளின் பிரசவத்துக்காக யோகோஹாமா போயிருக்கிறாள். பேரன் பிறந்துவிட்டான். தாயும் சேயும் நலம். மாரு நலமில்லை.

மாரு, எங்கள் தேனிலவில் உங்கள் ஊரில் வாங்கிய, ஏரித் தண்ணீரில் உருண்டையாகவே வளரும் பச்சைப் பாசி. அன்று திராட்சை அளவு, இன்று ஆரஞ்சு அளவு. காலையில் வெயில் பட்டால் ஜாடிக்குள் மெல்ல மிதந்து மேலே வரும். செட்சுகோ அதற்கு வணக்கம் சொன்ன பிறகுதான் எனக்குச் சொல்வாள். ஊருக்குப் புறப்படும்போது, "வாரம் ஒரு தடவை தண்ணி மாத்துங்க, போதும். உங்க மூளையை மட்டும் உபயோகிச்சிடாதீங்க" என்றாள்.

உபயோகித்துவிட்டேன். ஜாடியின் உள்பக்கம் வழவழவென்றிருந்தது, பூச்சாடியில் தண்ணீர் கெடாமலிருக்கப் பத்து யென் செப்புக்காசு போடுவது நம் வீடுகளில் வழக்கம்தானே, பூவுக்கு நல்லதென்றால் மாருவுக்கும் நல்லதுதான் என்று ஒன்று போட்டேன், வழவழப்பு குறைந்தது, அந்தச் சந்தோஷத்தில் ஒரு கைப்பிடி போட்டேன், அதையும் வினிகரில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிப் போட்டேன், மாரு மேலே வருவதை நிறுத்தியது, அசதியாயிருக்கும், தூங்கட்டும் என்று விட்டேன், அப்புறம் பச்சை மங்கிச்சு, குளிருதோ என்னவோன்னு செப்புக் கெட்டிலில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி ஊத்தினேன், மறுநாள் பார்த்தால் வெளுத்துப்போய் நார் நாராகப் பிரிஞ்சு கிடக்கு.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு மீன்தொட்டிக் கடைக்கார ஹிராட்சுகா அம்மாளிடம் ஓடினேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, இது ஜாடியா, உண்டியலா?"

"வழவழப்பு போகட்டும்னுதான்..."

"அந்த வழவழப்பும் பாசிதான், இதுவும் பாசிதான். செம்பு என்ன, ஆள் பார்த்தா கொல்லும்? தண்ணியில துளி கரைஞ்சாலே போதும், பச்சையத்தைக் கெடுத்துடும். அப்புறம் எவ்வளவு வெயில் அடிச்சாலும் அதால சாப்பிட முடியாது. பட்டினிதான்."

"பிழைச்சுக்குமா?"

"பிழைக்கும்னு சொல்லி உங்ககிட்ட மருந்து விக்க எனக்கு மனசு வரலை. வீட்டுக்குப் போங்க."

செட்சுகோ அடுத்த ஞாயிறு வருகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். திட்டுவாள் என்றல்ல. திட்டாமல் அந்த ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள், அதை நான் பார்க்க வேண்டும். ஏரியில் வளர்வதில் கைவைக்கச் சொல்லவில்லை, அது அரசாங்கப் பாதுகாப்பில் இருப்பது, போலீஸ் பிடிக்கும். உன் கடையில் விற்பதில் ஆரஞ்சு அளவாக ஒன்றைப் பொறுக்கி உடனே என் பெயருக்கு அனுப்பு. அக்காவிடம் மூச்சு விடாதே.

குளிர் முற்றப்போகிறது, கழுத்தைப் போர்த்திக்கொள். வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தான் கன்ஜி

பின்குறிப்பு: தம்பி, இதை அக்கா எழுதறேன். சொன்னதுக்கு முன்னாடியே வந்துட்டேன். உன் அத்தான் பொதுக்குளியலுக்குப் போயிருக்கார், கடிதம் மேஜை மேல உறையை ஒட்டாமக் கிடந்தது. இதை எழுதி நானே ஒட்டி வச்சுடறேன், தான்தான் ஒட்டினோம்னு நினைச்சுத் தபால்ல போட்டுடுவார். ஜாடி அலமாரிக்குள்ள துண்டு போர்த்தி இருக்கு. நான் எதையும் பார்க்கலை. பெட்டியைத் தூக்கிட்டு இப்படியே தோழி வீட்டுக்குப் போறேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஊர்லேர்ந்து வருவேன். அதுக்குள்ள பார்சல் வந்தாகணும். தேனிலவுல வாங்கின மாரு மறு வருஷமே போயிடுச்சு, இவர் மனசு உடைஞ்சுடுமேன்னு நான் உனக்கு ஃபோன் பண்ணி அழுதேனே, ஞாபகமிருக்கா? இப்போ செத்தது நீ ரகசியமா அனுப்பினதுல மூணாவது. வழக்கம்போல கொஞ்சம் பெரிசாவே அனுப்பு. எப்படி வளர்ந்திருக்கு பாருன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் காட்டிப் பெருமைப்படறார்.