ஃப்ரீஸரில் எட்டாம் நம்பர்

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது மனைவியை ஜெயித்துவிட வேண்டும் என்று கணக்கு வாத்தியார் முடிவு செய்தது ஒரு ஷூக் கடையில். கடைக்காரர் அவர் காலை அளந்து பார்த்து ஒன்பது என்றார். பக்கத்தில் குழந்தையோடு நின்ற மனைவியும் ஒன்பதுதான் என்றாள். அது போதாதா? வாத்தியாருக்கு எட்டு ஆகிவிட்டது.

"காலேஜ்லேருந்து எட்டு. நம்பர் விஷயத்துல எனக்கே பாடமா?"

"தொப்பை போட்ட மாதிரி காலும் பெருத்திருக்கும்ங்க."

எட்டையே வாங்கிக்கொண்டு கடை வாசலைத் தாண்டுவதற்குள் பந்தயம் கட்டியாயிற்று. அடி அழுக்காகாமல் கொண்டு வந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாரத்துக்குள் ஷூ கடைக்குத் திரும்பிப் போனால், இனி தினமும் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டுவது அவர் வேலை. போகாவிட்டால், அவர் வாங்கும் எதிலும் அவள் வாயைத் திறக்கக் கூடாது.

குழந்தைக்குக் குளியல் என்றாலே வாத்தியார் நழுவிவிடுவார். ஐந்து மாதக் குழந்தை. சோப்புப் போட்டால் விலாங்கு மீன். ஒரே ஒரு தடவை குளிப்பாட்டப் போய், கையிலிருந்து வழுக்கி முழங்கை மடிப்பில் வந்து நின்றது. குழந்தை சிரித்தது. அன்று அவர் கரும்பலகையில் போட்ட வட்டமெல்லாம் உருளைக்கிழங்காக வந்தது.

வீட்டுக்கு வந்து ஷூவை மாட்டினார். மாட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. விரல்கள் ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. திருப்பிக் கொடுக்கப் போவதில்லைதான். இருந்தாலும் அடி அழுக்காகவேண்டாமே என்று கட்டில் மேலேயே நடந்தார். நடந்தார், உட்கார்ந்தார், கழற்றினார், விரல்களை எண்ணிப் பார்த்தார், மறுபடி மாட்டினார். மூன்று நாள் இதே பிழைப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பழைய செருப்பு.

"கடிக்குதா?"

"கடிக்கல. பழகிக்கிட்டிருக்கு."

"அது எங்க பழகுது? நீங்கதான் நொண்டிப் பழகுறீங்க."

நான்காம் நாள் விஞ்ஞான வாத்தியார் ஒரு வழி சொன்னார். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, முடிச்சுப் போட்டு, ஷூவுக்குள் திணித்து ஃப்ரீஸரில் வைக்க வேண்டும். உறைகிற தண்ணீர் விரியும். ஷூவும் கூடவே விரியும். மனைவி மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு ஷூவையும் செய்தித்தாளில் சுற்றி ஐஸ் தட்டுக்குப் பின்னால் தள்ளினார். மறுநாள் எடுத்து மாட்டினார். காலுக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். மறுபடி வைத்தார். ஆறாம் நாளும் அதே கதை. வகுப்பில் கூட்டலைச் சொல்லிக் கொடுக்க எழுந்தவர் கழித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஏழாம் நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமாக வந்து ஃப்ரீஸரைத் திறந்தார். பொட்டலத்தைப் பிரித்து, பனிக்கட்டியை உருவி எறிந்து, கண்ணை மூடிக்கொண்டு காலை விட்டார்.

வெண்ணெய் மாதிரி இறங்கியது. விரல்கள் ஐந்தும் தனித்தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்தன.

கட்டிலாவது ஒன்றாவது. தெருவில் இறங்கி, முனை வரை சேற்றில் ராஜநடை நடந்து திரும்பி வந்தார்.

"பாத்தியா? எட்டு. இனிமே சட்டை, பேண்ட் எதுலயும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

அவள் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். "திறக்கலைங்க. அடியில மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க."

ஷூவைத் திருப்பிச் சேற்றைத் துடைத்தார். ஒன்பது.

காலையில் அவர் கிளம்பிய கையோடு கடைக்குப் போனதையும், மாற்றி வந்த ஜோடிக்குள் புதுத் தண்ணீர்ப் பை திணித்து, அதே செய்தித்தாளில் சுற்றி, அதே இடத்தில் வைத்ததையும் அவள் நிதானமாகச் சொன்னாள். ஷூ ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டாராம்.

"அடியில ஒரு பொட்டு அழுக்கில்ல, அதனாலதான் மாத்திக் குடுத்தாரு. நல்ல வேளை, கட்டில் மேலயே நடந்தீங்க."

"நான் கொண்டு போகலையே."

"ஷூ போச்சா இல்லையான்னுதானே பந்தயம்? யார் கொண்டு போனான்னு பேச்சே இல்லையே."

வாத்தியார் குழந்தையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "கை வழுக்கும்மா. பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் வழுக்காதா? அஞ்சு மாசமா தினமும் பயந்துகிட்டேதான் குளிப்பாட்டுறேன். நாளைக்கு ரெண்டு பேருமா பயப்படலாம்."

மறுநாள் காலை அவர் வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குளியலறை வாசலில் வந்து நின்றார். தயார் என்றார்.

அவள் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க."