என் பங்கு இறால்

அடையாளம் தெரியாத எண்ணிலிருந்து யார் கூப்பிட்டாலும் இப்போது எடுத்துவிடுகிறேன். கடன் வேண்டுமா என்று கேட்பவர்களிடம்கூட "சாப்பிட்டீங்களா?" என்று விசாரிக்கிற அளவுக்கு எனக்கு மரியாதை வந்துவிட்டது. முன்பு நான் இப்படி இல்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (அப்படிப்பட்ட ஒருத்தியோடு ஒரே வீட்டில் குடியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் நைனாவைக் கேட்டால் சொல்வார்.)

அப்போது பொன்னேரியில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தேன். சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் ஏரியோரம் இருக்கிற எங்கள் குடியிருப்பில், போன் விஷயத்தில் நான் வைத்ததுதான் சட்டம். ஒருமுறை நைனா எவனோ ஒருவனுக்கு ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லப்போக, பாய்ந்து போனைப் பிடுங்கினேன். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, "எவன் கேட்டாலும் நம்பர சொல்லாதீங்க" என்று பாடம் எடுத்தேன்.

அம்மா ஏரியில் கையால் இறால் பிடிப்பவள். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்கிற ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி நகர்வாள். வலை கிடையாது, படகு கிடையாது. இருப்பது பத்து விரல்தான். அந்த விரல்களுக்கு நடுவே ஒரு நாள் கெளுத்தி மீனின் முள் ஏறிவிட்டது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் தண்ணீரில் இறங்கினாள். நான்காம் நாள் வலது கை சுரைக்காய்போல வீங்கிவிட, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையைக் கிழித்துச் சீழ் எடுத்தார்கள்.

"கை தப்பிச்சிடுச்சி. ஆனா விரல் மடங்கணும்னா தினமும் இங்க வந்து பயிற்சி பண்ணணும்" என்றார் டாக்டர். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ், கும்மிடிப்பூண்டியில் ரயில், சென்னையில் மறுபடி ஒரு பஸ். தினமும் எப்படி வருவது என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

மறுநாள் நான் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது அம்மா உற்சாகமாக இருந்தாள்.

"ஒரு பொண்ணு வந்துச்சிடி. கையில சிலேட்டு மாரி ஒண்ணு வெச்சிக்கினு, ஊட்ல எத்தினி பேரு, பஸ்ஸுக்கு எவ்ளோ தூரம் நடக்கணும்னு எல்லாத்தயும் கேட்டுச்சி. உன் நம்பர குடுத்துக்கீறேன்."

"இன்னாம்மா நீ! யாரு இன்னான்னு தெரியாம எல்லாத்தயும் ஒளறி வெச்சிக்கீறியே!"

"என் கைய புடிச்சிக்கினு கேட்டுச்சிடி" என்றாள் அம்மா. அது என் காதில் ஏறவே இல்லை.

அன்று மதியம் வார்டு வராந்தாவில் நின்றிருந்தபோது போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"செல்விங்களா? உங்க வீட்ல மூணு பேர், பஸ் ஸ்டாப் ரெண்டு கிலோமீட்டர்னு உங்கம்மா சொன்னாங்க. நீங்க தங்கறதுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு ரூம் பாத்திருக்கோம், இலவசம்தான். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொன்னீங்கன்னா ரூம் உங்களுக்குன்னு பதிவாயிடும்."

இத்தனை நாள் நான் பாடம் எடுத்ததெல்லாம் இந்தத் திருடிக்காகத்தான் என்று தோன்றியது. அம்மாவிடம் கறந்த வீட்டு விவரம் முழுக்க வைத்திருக்கிறாள், இலவசம் என்கிறாள், கடைசியில் ஓ.டி.பி. கேட்கிறாள்!

"ஆஸ்பத்திரில கெடக்கறவங்க வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் சோறுதான் துன்றியா? சைபர் க்ரைம்ல புடிச்சிக் குடுத்துடுவேன்!"

"அஞ்சு மணி வரைக்கும்தாங்க வெச்சிருக்க முடியும்" என்றது குரல்.

"மெரட்ற வேல வேறயா?" என்று கட் செய்து, எண்ணை ப்ளாக் செய்தேன்.

வராந்தாவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியொரு சபை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. அந்த எண்ணை உரக்கப் படித்து, எப்படி ஏமாற்றுவார்கள் என்று விளக்கி, ஒவ்வொருவர் போனையும் வாங்கி நானே ப்ளாக் செய்து கொடுத்தேன். மனைவியைச் சேர்த்திருந்த ஒரு பெரியவர் மெச்சி, பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். (வாங்கித் தின்றேன். அதையும் மறைப்பதற்கில்லை.)

மறுநாள் காலை, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டையோடு ஒரு பெண் கட்டிலருகே வந்தாள். "இதாண்டி அந்தப் பொண்ணு" என்றாள் அம்மா. பெயர் ரேவதி, ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர். கையில் இருந்த சிலேட்டு ஒரு டேப்லெட். ஒரு குடும்பத்துக்கு என்ன தேவை என்று அதில் பதிந்தால், அதைச் செய்து கொடுக்கிற இடங்களுக்கு உடனே தகவல் போய்விடுமாம். அவள் "வணக்கங்க" என்றதுமே எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. நான் வணக்கம் சொன்னதும் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"இன்னும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, ஆறு மணி வரைக்கும் சொல்லி வெச்சிருந்தேன்" என்றாள் மெதுவாக. "அப்புறம் வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டாங்க. இப்ப வேற ரூம் இல்லீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "நேத்துலேர்ந்து இந்த வார்டுல யாருமே என் போன எடுக்கல. ஏன்னு தெரியுங்களா?"

தெரியும் என்றேன். தெரியும் என்று சொல்ல நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

வராந்தாவில் ஒவ்வொருவரிடமும் போய், போனைக் கேட்டு வாங்கி, ப்ளாக்கை எடுத்துவிட்டேன். பெரியவரின் மனைவிக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்யத்தான் ரேவதி அவரை மூன்று தடவை கூப்பிட்டிருந்தாளாம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த பிஸ்கட்டாவது செரித்திருக்கும்.

திரும்பி வந்தபோது அம்மா கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நான் கத்தியது அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது. "ரூம் போனா போவுது" என்றாள். "அந்தப் பொண்ணப் பாத்து சோறு துன்றியான்னா கேட்ட?"

நான் அழுதுவிட்டேன்.

ரேவதி எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பயிற்சி கொடுப்பவரை வீடியோ காலில் வரவைத்தாள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. ஏரிக்கரை மேட்டில் அம்மாவை உட்கார வைத்து, நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மடக்குங்கம்மா என்று சொல்கிற இடத்தில் சரியாகப் படம் நின்றுவிடும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த வார்த்தை வரும்வரை விரலை அப்படியே மடக்கி வைத்திருப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

நான்கு விரல் மடங்கின. சுண்டு விரல் மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே தங்கியிருந்தால் மடங்கியிருக்குமா என்று பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் அதைக் கேட்கவில்லை.

அம்மா மறுபடி ஏரியில் இறங்கிவிட்டாள். நீட்டிக்கொண்டு நிற்கிற அந்த விரலுக்குக் கீழே அவ்வப்போது ஒரு இறால் நழுவிப் போய்விடும். வாயில் பறி இருப்பதால் அப்போது ஒன்றும் சொல்ல முடியாது. கரையேறியதும் சொல்வாள்: "இன்னிக்கும் எம் பொண்ணு பங்கு போயிடுச்சி." கூட இறங்குகிற பெண்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. இப்போது யார் கையிலிருந்து இறால் தப்பினாலும் அது செல்வி பங்குதான்.

இப்போது எனக்கு வெளியூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் இறால் குழம்பு இருக்கும். எனக்கு மட்டும் இறால் இல்லாமல் வெறும் குழம்பை ஊற்றிவிட்டு அம்மா நகர்வாள். "உன் பங்குதான் ஏரியிலயே போயிடுச்சே!" நைனா சிரிப்பார், நானும் சிரிப்பேன். பிறகு தன் தட்டில் இருக்கிற இறாலை அள்ளி என் தட்டில் போடுவாள். அந்த ஒரு விரல் மட்டும் சோற்றில் படாமல் தனியாக நிற்கும்.